கல்லைவிட அந்தக் கடைசி வரிதான் பயமாக இருக்கிறது

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் ஆறு வயது பொமரேனியன் மணிக்கு எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பையில் இரண்டு கல் தெரிந்தது, ஆபரேஷன் வேண்டாம், எதைச் சாப்பிடக் கொடுத்தால் கரையும் என்று இரண்டு பக்கம் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: “இரண்டு நாளாகக் காலைத் தூக்கிக்கொண்டு ரொம்ப நேரம் நிற்கிறான், சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது.” அதைப் படித்ததும் உங்களுக்கு போன் செய்யச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது, அதே வரியைக் கடைசியில் எழுதப்போகும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆண் நாயின் குறிக்குள் ஒரு சிறு எலும்பு உண்டு. சிறுநீர்க் குழாய் அதன் பள்ளத்தில் ஓடுவதால் அங்கே விரிய வழியில்லை. பையிலிருந்து நழுவும் கல் அந்த எலும்புக்குப் பின்னால் வந்து சிக்கும். முழுதாக அடைத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். ஓரிரு நாள்தான் அவகாசம். முக்குகிறான், ஒன்றும் வரவில்லை, வாந்தி எடுக்கிறான், சுருண்டு படுக்கிறான் என்றால் நடுராத்திரியானாலும் வண்டி பிடித்து மதுரைக்கு வாருங்கள். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றி நாளைக் கடத்தியவர்கள் உண்டு.

மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பானா என்பதுதான் உங்கள் பயம். நல்ல நிலையில் இருக்கும் ஆறு வயது நாய்க்கு, இரத்தம் பார்த்து, நாள் குறித்துச் செய்யும்போது பயம் குறைவு. அடைத்துக்கொண்டு, பொட்டாசியம் ஏறிய பிறகு கொடுக்கும் மயக்கம்தான் எனக்கே பயம்.

சரி, சாப்பாடு. எல்லாக் கல்லும் கரையாது. கிருமித் தொற்றால் வரும் ஸ்ட்ரூவைட் கல், ஆன்டிபயாடிக்கோடு அதற்கென்றே உள்ள உணவையும் கொடுத்தால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கரையலாம். கால்சியம் ஆக்சலேட் கல் எதற்கும் கரையாது. பொமரேனியன் மாதிரிச் சின்ன ஜாதிகளில் அது சகஜம். வாழைத்தண்டுச் சாறும் கரைக்காது. போர் தண்ணீரின் உப்பால் வந்ததோ என்ற கவலையை விட்டுத்தள்ளுங்கள். இணையத்தில் பார்த்து முட்டை, பால் என்று கால்சியத்தை அடியோடு நிறுத்தினால் குடல் ஆக்சலேட்டைக் கூடுதலாக உறிஞ்சும். நிறுத்த வேண்டியது ஆக்சலேட் நிறைந்த பாலக்கும் தண்டுக்கீரையும்தான். அப்புறம், வலிக்கு நீங்கள் கொடுத்த அந்த அரை மாத்திரை. மனிதருக்கான டைக்ளோஃபெனாக் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இனி வேண்டாம்.

அடைப்பு நீங்கிய பிறகு, எந்தக் கல்லானாலும் உதவுவது தண்ணீர். உப்பில்லாத சோற்றைக் கஞ்சி பதத்துக்குக் கரைத்து வையுங்கள். பாக்கெட் தீவனமென்றால் ஊறவைத்து. சிறுநீர் மஞ்சளாக இல்லாமல் வெளிறி வர வேண்டும். அடக்கிவைக்க விடாமல் நாலைந்து தடவை வெளியே விடுங்கள்.

ஆபரேஷனில் எடுத்த கல்லைத் தீப்பெட்டியில் போட்டு பீரோவில் வைத்துவிடாதீர்கள், சிலர் வைக்கிறார்கள். ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். என்ன கல் என்று தெரிந்ததும் எழுதுங்கள், மணிக்கான சாப்பாட்டுப் பட்டியலைத் தருகிறேன்.