பந்தி வஞ்சனை எது?

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலிருந்த பழமைவாத லுத்தரன் ஆலயத்துக்குச் சென்றேன். நான் பிறவியிலிருந்தே சி.எஸ்.ஐ. சபைக்காரன் என்று தெரிந்ததும், திருவிருந்துக்கு முன்வர வேண்டாம் என்று போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு மென்மையாகச் சொல்லிவிட்டார். ஆண்டவருடைய மேசையிலேயே பந்தி வஞ்சனையா? இந்தக் காலத்திலும் இப்படி ஒரு சபையா?
— வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: பந்தி வஞ்சனை என்றால் என்னவென்று பாளையங்கோட்டைக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது சம்பந்தி வீட்டார் இலையில் நெய் குளமாக நிற்க, நமக்கு எதிரே வரும் வாளி மட்டும் திடீரென்று திசை மாறிப் போவதுதான் அது. “பாயசம் தீர்ந்துவிட்டது” என்று நம்மிடம் சொன்ன அதே ஆள், நான்கு இலை தள்ளி மாப்பிள்ளையின் மாமாவை மூன்றாவது தடவையாக வற்புறுத்திக்கொண்டிருப்பார். மாமாவும் வேண்டாம் என்று கையை மட்டும் நீட்டுவாரே தவிர, இலையை மடிக்க மாட்டார். உங்களுக்கு நேர்ந்தது இது அல்ல. உட்கார வைத்துக் குறைவாகப் பரிமாறவில்லை. இலையில் வைக்கப்படுவது என்னவென்று அறிந்தவர்தான் உட்கார வேண்டும் என்று போதகர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் வஞ்சனை என்ற குற்றச்சாட்டு நிற்காது.

1529இல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில், லுத்தரன் சபைகளின் முன்னோடியான மார்ட்டின் லுத்தரும் சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தவாதி ஸ்விங்லியும் உட்கார்ந்து பேசி, 15 விஷயங்களில் 14இல் ஒத்துப்போனார்கள். மிச்சம் இருந்தது திருவிருந்தின் அப்பமும் இரசமும்தான். லுத்தர் மேசையின் மேல் “இது என் சரீரம்” என்று லத்தீனில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு “இது என் சரீரத்துக்கு அடையாளம்” என்று பொருள் சொல்ல எந்த வகையிலும் இணங்கவில்லை. சகோதரர் என்ற முறையில் கைகோக்கவும் மறுத்துவிட்டார். பழமைவாத லுத்தரன்கள் இன்றும் அந்த மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை. கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே அங்கே கொடுக்கப்படுகின்றன என்று நம்புகிற ஒரு போதகர், அபாத்திரமாகப் புசிப்பவன் தனக்கே ஆக்கினைத்தீர்ப்பைத் தேடிக்கொள்கிறான் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதையும் நம்பத்தான் செய்வார். அவர் கணக்குப்படி உங்களைத் தடுத்தது அவமதிப்பு அல்ல, பாதுகாப்பு. அந்தக் கணக்கு தவறு என்று நீங்கள் வாதிடலாம். கணக்கே இல்லை என்று சொல்ல முடியாது.

உங்கள் திகைப்பும் எனக்குப் புரிகிறது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினரெல்லாம் வேறுபாடுகளை ஒதுக்கி வைத்துவிட்டு 1947இல் ஒன்றுசேர்ந்ததால் பிறந்தது உங்கள் சபை. அந்த இணைப்பில் லுத்தரன்கள் சேரவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1817இல் பிரஷ்ய மன்னர் லுத்தரன்களையும் சீர்திருத்த சபையாரையும் ஆணையிட்டு ஒன்றாக்க முயன்றதிலிருந்தே, ‘இணைப்பு’ என்றாலே அவர்களுக்கு உடம்பு கூசும்.

இவர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. படிக்காமல் கையெழுத்திடுகிறவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதி எழுதி வசவு வாங்கியிருக்கிறேன் என்பதால், அதைச் சொல்லாமல் போக மனமில்லை. பழமைவாத லுத்தரன் போதகர் ஒருவர் அபிஷேகம் பெறும்போது, 1580இல் தொகுக்கப்பட்ட விசுவாச அறிக்கைகளை “வேதத்தோடு ஒத்துப்போகிற அளவுக்கு” ஏற்கிறேன் என்று சொன்னால் போதாது. “வேதத்தோடு ஒத்துப்போவதால்” ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும். முதல் வகை நிபந்தனை இருந்தால், நான் எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவேன்.

அதற்காக அவர்களுக்குச் சாமரம் வீசவும் நான் தயாராக இல்லை. இவர்களில் பெரிய அமைப்பான மிசௌரி சினாடின் வேர், 1839இல் ஜெர்மனியின் சாக்சனியிலிருந்து அமெரிக்காவின் மிசௌரிக்கு வந்து சேர்ந்த குடியேறிகளிடம் இருக்கிறது. கூட்டி வந்த தலைவர் ஸ்டீபன் வழியிலேயே பேராயர் பட்டம் சூட்டிக்கொண்டார். சில மாதங்களில் அவர் மேல் ஒழுக்கக் குற்றச்சாட்டு எழுந்ததும் படகில் ஏற்றி மிசிசிப்பியின் மறுகரையில் இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பேராயர் என்றால் அலர்ஜி. அதிகாரமெல்லாம் சபைகளிடமும் மாநாட்டிடமும். விளைவு என்ன? வேதம் பிழையற்றதா, யோனாவின் மீன் வரலாறா என்ற தகராறு அவர்களுடைய செயின்ட் லூயிஸ் குருத்துவக் கல்லூரியில் முற்றியபோது, 1973 நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டில் கல்லூரி ஆசிரியர்களின் பெரும்பான்மையினரது போதனை தவறு என்று 574க்கு 451 என்ற வாக்குக் கணக்கில் தீர்மானித்தார்கள். வேதமே தீர்ப்பளிக்கும் என்று சொல்கிறவர்கள், வேதம் என்ன தீர்ப்பளித்தது என்பதை வாக்கெடுத்து எண்ணிப் பார்த்தது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே இருக்கிறது. 1974 பிப்ரவரியில் ஆசிரியர்களும் மாணவர்களும், வளாகத்தில் சிலுவைகளை நட்டுவிட்டுப் பெரும்பாலோர் வெளியேறினார்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய “பிறவியிலிருந்தே” என்பதற்கு இப்போது வருகிறேன். அந்தப் போதகருக்கு உங்கள் பிறவியைப் பற்றி அக்கறையே இல்லை, விசுவாசத்தைத்தான் பார்த்தார். பிறவியைப் பார்த்தது நம் ஊர். தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் வெள்ளாளக் கிறிஸ்தவர்களும் பறையர் கிறிஸ்தவர்களும் தனித்தனியே உட்கார்ந்து, திருவிருந்து மேசைக்கும் முன்னும் பின்னுமாக வந்தார்கள். 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சாதியை அறவே விட்டுவிட வேண்டும் என்று உத்தரவிட்டதும், விடமாட்டோம் என்றவர்களில் பலர் பின்னாளில் சாதி விஷயத்தில் கடுமை காட்டாத, ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷனில் அடைக்கலம் புகுந்தார்கள். அதுதான் ஐயா பந்தி வஞ்சனை. அதே லைப்சிக் மிஷனில் வேதத்தின் ஒவ்வொரு சொல்லும் தேவ ஆவியால் அருளப்பட்டதா என்ற தகராறில் பிரிந்த நேதர் என்ற மிஷனரி, மிசௌரிக்காரர்களின் சார்பில் 1895இல் கிருஷ்ணகிரிக்கு வந்து, 1904இல் அங்கேயே பிளேக் நோயால் இறந்தார். ஆம்பூர், நாகர்கோவில் பக்கத்து ஐ.இ.எல்.சி. (இந்தியா எவாஞ்சலிக்கல் லுத்தரன் சர்ச்) சபைகள் அந்த மிஷன் வழியில் வந்தவை. ஆகவே “இப்படி ஒரு சபையா” என்று வியக்க நீங்கள் கடல் தாண்டியிருக்க வேண்டியதில்லை. நாகர்கோவில் பேருந்து போதும்.

அடுத்த தடவை மகன் வீட்டுக்குப் போனால், ஆராதனைக்கு முந்தைய நாளே போதகரைத் தொலைபேசியில் அழையுங்கள். விருந்தினர் அப்படிச் செய்வதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அப்பத்தில் இருப்பது என்ன என்று கேட்பார். அதற்கு உங்கள் சபையின் பதில் என்னவென்று, புறப்படுவதற்கு முன்பு உங்கள் ஆயரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்கிற பதிலை எனக்கும் எழுதுங்கள். சுருக்கமாக இருந்தால் பிரசுரிக்கிறேன்.