வில்லோ மரத்தில் ரோஜாப்பூ மாதிரி முடிச்சு உண்டாக்கும் ஈ இருக்கிறதாமே, நம் ஊரில் அப்படி ஏதாவது உண்டா?

உண்டு, நெல் வயலிலேயே. குளிர்நாட்டு வில்லோவில் கிளை நுனி நீளாமல் இலையெல்லாம் ரோஜா இதழ் போல அடுக்கிக்கொள்ளும். உள்ளே ராப்டோபேகா ஈயின் புழு இருக்கும். முடிச்சு ஈக்கள் என்ற அந்தக் குடும்பத்தில் 6,000க்கு மேல் இனங்கள். நம் நெல்லில் வருவது ஆனைக்கொம்பன்.

எங்கள் ஊர் தமிழக எல்லையை ஒட்டி, ஆந்திராவின் சத்தியவேடு பக்கம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. ஒரு வருடம் ஏரி நிரம்பத் தாமதமாகி சம்பா நடவு தள்ளிப்போனது. பயிர் பக்கத்தண்டு விட்டுத் தூர் கட்டும் நேரத்தில் குத்துக்கு ஒன்றிரண்டு தூர் மட்டும் இலை விரிக்காமல், குழாயாக வெளிறிப் பளபளவென்று நின்றது. செழிப்பு என்றே நினைத்தேன். பக்கத்து வயல் தெலுங்குக்காரர் வரப்பிலிருந்தே பார்த்துவிட்டு, "உல்லிகோடு தம்பி" என்றார். உல்லி என்றால் வெங்காயம். அவர்களுக்கு வெங்காயத்தாள், நமக்கு யானைத் தந்தம்!

ஈ கொசு அளவுதான். ராத்திரி மோட்டார் கொட்டகை பல்புக்கு வரும். முட்டை 3, 4 நாளில் பொரிந்ததும், புழு பனி ஈரத்தோடு இலையுறைக்குள் இறங்கிக் குருத்தைப் பிடிக்கும். அது தின்னத் தின்ன, இலை வரவேண்டிய இடத்தில் உறை குழாயாக நீளும். அந்தத் தூரில் அப்புறம் கதிர் வராது.

நான் பதறிப்போய் மருந்துக் கடையில் கொடுத்ததை வாங்கி அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான் ஒரு குழாயை நகத்தால் கீறினேன். காலி. நுனியில் சின்ன ஓட்டை, அதில் கூட்டுப்புழுவின் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஈ பறந்து எத்தனை நாளோ!

அதைவிட வயிற்றெரிச்சல் அடுத்த குழாய். உள்ளே இருந்த புழு செத்து, பொடிப்பொடியாக ஏதோ நிறைந்திருந்தது. பிளாட்டிகாஸ்டர் என்ற பொடிக் குளவியின் குஞ்சுகள், ஒரே புழுவுக்குள் கூட்டமாக. எனக்காக வேலை செய்துகொண்டிருந்த குளவிக்கும் சேர்த்துத்தான் மருந்தடித்திருக்கிறேன். இந்தக் குளவி புகுந்த குழாய்களைப் பறித்து, நடவான 10ஆம் நாள் 10 சதுர மீட்டருக்கு ஒன்று என்று வயலில் வைக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம்.

இப்போது குழாய் தெரிந்தால் முதலில் நாலைந்தைக் கீறிப் பார்க்கிறேன். நூறு தூருக்குப் பத்தைத் தொட்டால்தான் மருந்துப் பேச்சே.