லண்டன் எம்.பி.ஏ. வேண்டாம், இரண்டாண்டு அனுமதி போதும்

துபாயில் நெடுங்காலமாகப் பணிபுரியும் ஒரு தந்தையும் அவருடைய மனைவியும் தங்கள் மகளின் எதிர்காலம் குறித்து எழுதியிருக்கிறார்கள். மகள் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றவர், திருமணமாகாதவர், தந்தையின் பொறுப்பில் வழங்கப்பட்ட குடியிருப்பு விசாவில், அதாவது அவருடைய ஸ்பான்சரில், அவர்களுடனேயே வசிக்கிறார். கற்பித்தலையே தொழிலாகக் கொள்ள வேண்டும், அதையும் தன் பெயரில் செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். லண்டனில் எம்.பி.ஏ. படித்துவிட்டு அங்கேயே டியூஷன் சென்டர் தொடங்கினால்தான் குடும்பத்துக்கு மதிப்பு என்கிறார் தாய்மாமா. தன்னோடு பங்குதாரராகச் சேர்ந்து துபாயிலேயே பயிற்சி நிலையம் திறக்கலாம் என்கிறார் சித்தப்பா. முதல் யோசனைக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டும். இரண்டாவதற்கு மகள் கையெழுத்திட வேண்டும்.

பெற்றோருக்கு, உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் கடன் விண்ணப்பம் நிரப்பி வைக்கப்பட்டிருப்பதாக எழுதியிருப்பதால், ஆறுதல் சொல்லிக் காலம் கடத்த நான் விரும்பவில்லை. அந்த விண்ணப்பத்தை வங்கியில் கொடுக்காதீர்கள். சித்தப்பாவின் ஒப்பந்தத்திலும் மகள் கையெழுத்திட வேண்டாம்.

மாமாவின் திட்டத்தை முதலில் பார்ப்போம். பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யச் சட்டம் இடம் தருவதில்லை. பட்டப்படிப்பு மாணவர் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு தன் பெயரில் ஒரே ஒரு குழந்தைக்கு டியூஷன் எடுத்தாலும் அது விசா நிபந்தனையை மீறுவதாகும். படிப்பு முடிந்தபின் கிடைக்கும் கிராஜுவேட் விசாவில் சுயதொழிலுக்குத் தடை இல்லை என்பது உண்மைதான். ஆனால் இதுவரை இரண்டு ஆண்டுகளாக இருந்த அந்த விசாவின் காலம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதங்களாகக் குறைக்கப்படுகிறது. அதற்குப் பின்னும் தொழில் நடத்தித் தங்குவதற்கென உள்ள இன்னொவேட்டர் ஃபவுண்டர் விசாவுக்கு, தொழில் புதுமையானது, நடைமுறைக்கு ஏற்றது, பெரிதாக வளரக்கூடியது என்று அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்று ஒப்புதல் அளிக்க வேண்டும். 50,000 பவுண்டு முதலீட்டு நிபந்தனை 2023 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டதே என்று மாமா வாதிடக்கூடும். பண நிபந்தனைதான் போனது, புதுமை நிபந்தனை அப்படியே இருக்கிறது. ஊரெங்கும் நடக்கும் கணித டியூஷனைப் புதுமை என்று எந்த அமைப்பை நம்பவைக்க முடியும்? கல்விக் கட்டணமும் தங்கும் செலவும் போக, ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்தி, தொழில் தொடங்கவே அனுமதியற்ற விசாவில் தொழிலதிபராகப் புறப்படுவதற்கு வீட்டை அடமானம் வைப்பதை நான் எந்நாளும் ஆதரிக்க மாட்டேன்.

சித்தப்பாவின் திட்டம் சட்டத்துக்குப் புறம்பானதன்று. ஆனால் அது உங்கள் மகள் கேட்ட தொழில் இல்லை. துபாயில் பயிற்சி நிலையம் என்றால் துபாயின் தனியார் கல்வியை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான கே.எச்.டி.ஏ.வின் கல்வி அனுமதி, வணிக உரிமம், குத்தகைக் கட்டடம், ஊழியர் விசாக்கள் என்று செலவு வரிசைகட்டி நிற்கும்; வாடகைக்குப் பெரும்பாலும் பின்தேதியிட்ட காசோலைகள் கேட்பார்கள். அவற்றில் யாருடைய கையெழுத்து இருக்கிறதோ அவரைத்தான் கட்டட உரிமையாளர் தேடி வருவார். நிறுவனம் ஒரு திர்ஹம்கூடச் சம்பாதிக்காவிட்டாலும் பெருநிறுவன வரிக்குப் பதிவு செய்தாக வேண்டும். உரிய காலத்தில் பதியத் தவறினால் அபராதம் 10,000 திர்ஹம். 2021 முதல் பெரும்பாலான தொழில்களில் வெளிநாட்டவரே முழு உரிமையாளராக இருக்கலாம் என்பதால், உள்ளூர்ப் பங்குதாரர் தேடும் பழைய தொல்லை குறைந்திருக்கிறது. அதனால் செலவு குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

உங்கள் கடிதத்தோடு மகள் எழுதி இணைத்திருந்த நான்கு வரிகளை நீங்கள் சரியாகப் படித்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்தைக் கண்டு மிரளும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே தனக்குப் பிடித்தது என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். நிர்வாகம், கிளைகள், ஊழியர்கள் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர் கேட்டது கற்பிக்கும் உரிமையை. உறவினர்கள் அதை நிறுவன முதலாளி ஆகும் ஆசையாக மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

அந்த உரிமைக்கு நேரான வழி நீங்கள் வசிக்கும் நாட்டிலேயே இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் மனிதவள அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் இணைந்து 2023 டிசம்பரில் தனியார் ஆசிரியர் பணி அனுமதி என்ற ஒன்றை அறிமுகப்படுத்தின. கல்வி நிறுவனங்களுக்கு வெளியே, தனித்தனியாகவோ குழுவாகவோ மாணவர்களுக்கு டியூஷன் எடுக்க இது சட்டப்படி இடம் தருகிறது. அனுமதி இரண்டு ஆண்டுகள் செல்லும். அதற்குக் கட்டணம் கிடையாது. பள்ளிகளில் பதிவுபெற்ற ஆசிரியர்கள், அரசு மற்றும் தனியார் துறை ஊழியர்கள், வேலையில் இல்லாதவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், ஏன், 15 முதல் 18 வயது வரையுள்ள பள்ளி மாணவர்கள்கூட விண்ணப்பிக்கலாம். பதினைந்து வயதுச் சிறுவனுக்கே திறந்திருக்கும் கதவை விட்டுவிட்டு, முதுகலையும் பி.எட்.டும் முடித்த பெண்ணை லண்டனுக்கு அனுப்பப் பார்ப்பது எனக்கு விளங்கவில்லை.

விண்ணப்பம் மனிதவள அமைச்சகத்தின் இணையதளம் வழியாகவே நடக்கிறது. அடையாள ஆவணம், நன்னடத்தைச் சான்றிதழ், மருத்துவத் தகுதிச் சான்றிதழ், புகைப்படம், அனுபவம் இருந்தால் அதற்கான சான்று ஆகியவற்றோடு, தனியார் ஆசிரியர்களுக்கான நடத்தை விதிகளில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்த விதிகளைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். மாணவரிடம் நடந்துகொள்ளும் முறை பற்றியவை என்பதால் புகார் எழும்போது அவையே அளவுகோலாகும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் தன் நிறுவனத்திடமிருந்து என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்றிதழ் பெற வேண்டியிருக்கும். உங்கள் மகள் இப்போது எங்கும் வேலையில் இல்லாததால் அந்தச் சிக்கலும் இல்லை. ஐந்து வேலை நாட்களுக்குள் முடிவு தெரிந்துவிடும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் நிராகரிக்கப்பட்டால் மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்பதால், ஆவணங்கள் அனைத்தும் கைக்கு வந்து, பெயரின் எழுத்துக்கூட்டல் எல்லாவற்றிலும் ஒன்றாக இருப்பதைச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள். அவசரத்தில் அரைகுறையாக அனுப்பி அரை ஆண்டை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

வரியிலும் தனிநபருக்கு இவ்வழியே இலகுவானது. தன் பெயரில் தொழில் செய்பவரின் மொத்த வரவு ஒரு நாட்காட்டி ஆண்டில் 10 லட்சம் திர்ஹமைத் தாண்டினால்தான் பெருநிறுவன வரி அவரைத் தொடும். வாட் எனும் மதிப்புக் கூட்டு வரிக்கான பதிவு 3,75,000 திர்ஹமைத் தாண்டும்போது கட்டாயமாகிறது. வரவை மாதந்தோறும் ஒரு நோட்டில் எழுதிவந்தாலே அந்த எல்லை நெருங்குவது தெரிந்துவிடும்.

இந்த அனுமதியின் எல்லைகளையும் மறைக்கக் கூடாது. இது அவர் ஒருவருக்கான அனுமதி. இதை வைத்துக்கொண்டு ‘அகாடமி’ என்று பலகை மாட்டுவதும், வேறு ஆசிரியரை வேலைக்கு வைப்பதும் பயிற்சி நிலையம் நடத்துவதாகிவிடும், அதற்குச் சித்தப்பா சொல்லும் உரிமங்கள் அத்தனையும் வேண்டும். இது குடியிருப்பு விசாவும் தராது. திருமணமாகாத மகளைத் தந்தை ஸ்பான்சர் செய்ய வயது வரம்பு இல்லை என்பதால் இன்றைக்குக் கவலையில்லை. ஆனால் நீங்கள் ஓய்வுபெற்று நாடு திரும்பும் நாளில் அவருடைய விசாவும் முடிந்துவிடும். அதற்குள் ஒரு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து அந்தப் பள்ளியின் ஸ்பான்சருக்கு மாறி, அதன் என்.ஓ.சி.யோடு மாலை வகுப்புகளைத் தொடர்வதே பாதுகாப்பான ஏற்பாடு. சுயதொழிலருக்கான ஐந்தாண்டு கிரீன் விசாவும் உண்டு. அதற்குத் தனியே ஃப்ரீலான்ஸ் அனுமதியும், முந்தைய இரண்டு ஆண்டுகளில் சுயதொழிலிலிருந்து ஆண்டுக்கு 3,60,000 திர்ஹம் வருமானமோ அதற்கு ஈடாகப் பொருளாதார வலிமையைக் காட்டும் ஆதாரமோ தேவைப்படும். அதைத் தொடக்கத்திலேயே இலக்காக வைத்து மகளை விரட்டாதீர்கள்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு மகள் இப்போதே கட்டணம் வாங்கிச் சொல்லித்தருவதாகக் கடிதத்தில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை: அனுமதி கைக்கு வரும்வரை அதை நிறுத்த வேண்டும். தெரிந்தவர்கள்தானே, எல்லோரும் செய்வதுதானே என்ற சமாதானம் அதிகாரிகளிடம் எடுபடாது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் காரணத்தைச் சொன்னால், பெரும்பாலோர் சில வாரங்கள் காத்திருப்பார்கள்.

மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் பதில் சொல்லும் பொறுப்பை மகள் மீது சுமத்தாமல் நீங்கள் இருவருமே ஏற்றுக்கொள்ளுங்கள். நன்னடத்தைச் சான்றிதழுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். அதோடு தந்தையின் குடியிருப்பு விசா எந்தத் தேதியில் முடிகிறது என்றும் பாருங்கள். புதுப்பிக்கும் நாள் நெருங்கியிருந்தால் அதை முடித்துவிட்டு மகளின் விண்ணப்பத்தை அனுப்புவது நல்லது.