துப்பறியும் ஓட்டக்காரன்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஒரு நாவல் எழுதி வருகிறேன். அதன் நாயகன் சர்வதேசப் போட்டிகளில் ஓடும் நடுத்தொலைவு ஓட்டக்காரன். கூடவே, தான் வசிக்கும் சிறிய ஊரில் தனியார் துப்பறிவாளனாகவும் வேலை பார்க்கிறான். கைப்பிரதியைப் படித்த நண்பர்கள், ஊரே அறிந்த ஒரு முகம் எப்படி வேவு பார்க்க முடியும், இது நம்பும்படி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவனை வேறு ஊருக்கு மாற்றலாமா, மாறுவேடத்தில் நடமாட விடலாமா என்று யோசிக்கிறேன். துரத்தல் காட்சிகளுக்கு அவனுடைய ஓட்டம் உதவும் என்று எண்ணியே இப்பாத்திரத்தைத் தேர்ந்தேன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
மு.

அன்புள்ள மு.,

ஊரை மாற்றாதீர்கள், மாறுவேடமும் வேண்டாம். உங்கள் நண்பர்கள் குறை என்று சுட்டிய இடத்தில்தான் இந்த நாவலின் உயிர் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்க பேஸ்பால் வீரர் மோ பெர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1923க்கும் 1939க்கும் இடையில் 15 பருவங்கள் ஆடியவர், பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே இருந்தவர். 1934இல் பேப் ரூத் போன்ற நட்சத்திரங்களோடு ஜப்பானுக்குப் போனபோது, ஒரு நாள் ஆட்டத்துக்குச் செல்லாமல், அமெரிக்கத் தூதரின் மகள் பிரசவித்திருந்த டோக்கியோ மருத்துவமனைக்கு அவரைப் பார்க்க வந்தவர் போல் நுழைந்து, பார்க்காமலேயே மொட்டை மாடிக்கு ஏறி, நகரத்தைப் படச்சுருளில் பதிவுசெய்துகொண்டு இறங்கினார். பத்தாண்டுகள் கழித்து, 1944 டிசம்பரில், அமெரிக்க உளவுத்துறைக்காக சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் சொற்பொழிவைத் துப்பாக்கியோடு அமர்ந்து கேட்டவரும், ஜெர்மனி அணுகுண்டை நெருங்கிவிட்டதற்கான அடையாளம் எதுவும் அந்தப் பேச்சில் இல்லை என்று கணித்துச் சுடாமல் திரும்பியவரும் அவரே. டோக்கியோவுக்குப் போக அவருக்கு மாறுவேடம் தேவைப்படவில்லை. ஆட்டக்காரர் என்ற அடையாளமே அவர் அந்த நகரத்தில் இருப்பதற்குப் போதுமான காரணமாக இருந்தது.

உங்கள் நாயகனுக்கும் அத்தகைய காரணம் ஒன்று கையிலேயே இருக்கிறது. ஒரு தெருவில் அறியாத கார் ஒன்று இரண்டு மணி நேரம் நின்றால் அக்கம்பக்கத்துச் சன்னல் திரைகள் விலகும். அதே தெருவை அவன் காலையிலும் மாலையிலும் ஓடிக் கடந்தால் யாரும் தலையைத் திருப்பமாட்டார்கள், ஏனெனில் அவன் ஏன் ஓடுகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த வீட்டில் விளக்கு எரிந்தது, எந்த வண்டி இரவு திரும்பவில்லை என்பதை நிற்காமலேயே அவனால் கணக்கெடுக்க முடியும். ஆகவே துரத்தல் காட்சிகளை முழுவதுமாக நீக்கிவிடச் சொல்வேன். துப்பறிவாளர் ஒருவர் யாரையாவது துரத்த நேர்ந்துவிட்டால், அவருடைய வேலை அங்கே கெட்டுப்போயிற்று என்றே பொருள்.

அவனுடைய தொழில் உண்மையில் உதவ வேண்டிய இடம் கண்கள். தனியார் துப்பறிவாளர்களுக்கு வரும் வேலைகளில், காயம்பட்டதாகச் சொல்லி இழப்பீடு கோருபவர்களைக் கண்காணிப்பது வழக்கமான ஒன்று. பல முறை அடிபட்டு, இயன்முறை மருத்துவரிடம் மாதக்கணக்கில் நடை பழகிய ஓட்டக்காரனுக்கு நொண்டும் கால் நன்றாகத் தெரியும். உண்மையில் வலிக்கும் காலை ஒருவர் தரையில் ஊன்றும் நேரம் குறைவு. சுருக்கென்று வைத்து எடுத்துவிடுவார். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில் போகும், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில் இறங்கும். ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும் என்பது மருத்துவர் சொல்லிக்கொடுப்பது. நடிப்பவர் பெரும்பாலும் அதே பக்கத்துக் கையில்தான் பிடிப்பார் என்று நாம் எண்ணுவோம், ஆனால் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத உண்மையான நோயாளியும் அப்படிப் பிடிப்பதுண்டு. அந்த வேறுபாட்டில் அவன் ஒரு முறை தவறான முடிவுக்கு வந்து ஒரு நல்ல மனிதரின் இழப்பீட்டைக் கெடுக்கட்டும். அவனுடைய திறமையின் எல்லை வாசகருக்கு அங்கே தெரிந்துவிடும்.

உரிமம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது: கலிபோர்னியாவில் உரிமம் பெற மூன்றாண்டு அனுபவம், அதாவது 6,000 மணி நேரம், பொதுவாகத் தேவை, பிரிட்டனில் 2001ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்திருந்தும் உரிமம் நடைமுறைக்கு வரவில்லை. போட்டிகளுக்காக ஆண்டில் பாதி வெளியே இருப்பவனை, உரிமம் பெற்ற ஒருவரின் கீழ்ப் பகுதிநேர ஊழியனாக வைப்பதே இயல்பு.

இனி நீங்கள் கவனிக்காமல் விட்ட, என்னை மிகவும் ஈர்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். சர்வதேசத் தரத்தில் ஓடுபவன் என்றால், உங்கள் நாயகன் ஊக்கமருந்துச் சோதனைக்கான பதிவுப் பட்டியலில் இருக்க வாய்ப்பு அதிகம். அப்பட்டியலில் இருப்பவர் ஒவ்வொரு காலாண்டுக்கும் முன்கூட்டியே, தான் இரவு தங்கும் முகவரி, பயிற்சி செய்யும் இடம் ஆகியவற்றோடு, ஒவ்வொரு நாளும் காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் 60 நிமிடங்கள் எங்கே கட்டாயம் இருப்பார் என்பதையும் எழுதித் தர வேண்டும். அந்த நேரத்தில் சோதனையாளர் முன்னறிவிப்பின்றி வந்து கதவைத் தட்டும்போது அவர் அங்கே இல்லையென்றால் அது ஒரு தவறிய சோதனை. தவறிய சோதனைகளும் தகவல் பிழைகளும் சேர்ந்து 12 மாதங்களுக்குள் மூன்று ஆகிவிட்டால், பொதுவாக இரண்டு ஆண்டுத் தடை. மற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்று பின்தொடர்வதைத் தொழிலாகக் கொண்டவன், தான் எங்கே இருக்கிறான் என்பதை நாள் தவறாமல் ஒப்புக்கொடுத்தாக வேண்டியவன்! இவ்வளவு வலுவான முரணைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் மாறுவேடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வீட்டில் தூங்கிக்கொண்டிருப்போம் என்ற உறுதியில் விடியற்காலை நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வீரர்கள் உண்டு. உங்கள் நாயகனும் அப்படியே செய்திருக்கட்டும், ஏற்கெனவே இரண்டு முறை தவறியிருக்கட்டும். ஓர் இரவு முழுவதும் ஒரு வீட்டைக் கண்காணித்துக்கொண்டிருக்கிறான், அங்கிருந்து வெளியே வர வேண்டியவர் விடிந்தும் வரவில்லை, அவனுடைய 60 நிமிடங்கள் நெருங்குகின்றன. குறித்த நேரம் தொடங்கும் முன்பு வரை இடத்தை மாற்றிப் பதிவு செய்ய விதி அனுமதிக்கிறது. ஆனால் புதிய முகவரி என்று அவன் தர வேண்டியது அந்த வீட்டுக்கு எதிர்ப்புறச் சாலையை. சோதனையாளரும் அங்கேயே வந்து அவன் பெயரைச் சொல்லி விசாரிப்பார். மாற்றாமல் இருந்து சோதனை தவறினாலோ, அதில் தன் அலட்சியம் இல்லை என்று எழுத்துமூலம் விளக்கம் தர அவனுக்கு வாய்ப்பு உண்டு. அதை எழுதினால் யாருக்காக, எந்த வீட்டு வாசலில் இருந்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்னாலும், கூலிக்குச் செய்த வேவு வேலை அவனைக் காப்பாற்றும் காரணமாக ஏற்கப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. அவனை நம்பி வந்தவரோ, ஊரின் பெருமை இவன், யாரிடமும் வாய் திறக்கமாட்டான் என்பதற்காகவே வந்தவர். அந்த விளக்கத்தை அவன் எழுதுகிறானா இல்லையா என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். முன் அத்தியாயங்களை அதற்குப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.