விசில் ஊதிய மாஷ் (கடிதமும் பதிலும்)

வணக்கம்.
நம் கணக்கு மாஷ் போன மாதம் காலமானார். துக்கம் கேட்கக் கோவையிலிருந்து பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை போயிருந்தேன். சுவரில் பக்கத்துச் சித்தூர் கல்லூரி வாலிபால் அணியின் பழைய போட்டோ. அவர் ஆடிய ஆட்டத்துக்கு போலீஸிலோ மின்வாரியத்திலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்திருக்கும். தமிழ் மீடியத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து, ஊர்ப் போட்டிகளில் விசில் ஊதியே காலத்தைக் கழித்துவிட்டாரே. வீணாகிவிட்டதாகத் தோன்றவில்லையா?
ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

மாஷ் ஆடி நான் பார்த்ததில்லை. (வெளியூர் வாசகர்களுக்கு: மாஷ் என்றால் மலையாளத்தில் வாத்தியார். எங்கள் பக்கம் தமிழ் சொல்லிக்கொடுப்பவரும் மாஷ்தான்.) நான் கண்டது வலைக் கம்பத்தை ஒட்டிய மர ஏணி மேல் நிற்கும் மனிதரை. கீழே ஸ்கோர் எழுதுகிறவன் நான். ஆடத் தெரியாதவனுக்கும் மைதானத்தில் ஒரு வேலை வைத்திருந்தார்.

அப்போது செட்டுக்கு 15 புள்ளி. சர்வீஸ் போடும் அணிக்குத்தான் புள்ளி. மற்றவர்கள் ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் கைமாறும். சமமான அணிகள் மோதினால் பத்து நிமிஷம் என் பென்சிலுக்கு வேலையிருக்காது. மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க்குள் கிழக்கத்திக் காற்று புகுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கிழக்குப் பக்கத்திலிருந்து போடும் சர்வீஸெல்லாம் எல்லை தாண்டிப் பனைமரத்தடிக்குப் போகும். ஆட்டம் முடிய நள்ளிரவாகும். காலையில் மாஷ் வகுப்பில் நிற்பார்.

1998-ல் சர்வதேச வாலிபால் சம்மேளனம் எல்லா ராலிக்கும் (சர்வீஸ் போட்டதிலிருந்து பந்து விழும்வரை ஒரு ராலி) புள்ளி, செட்டுக்கு 25 என்று மாற்றியது. ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. மாஷ் அதைக் கரும்பலகைக்குக் கொண்டுவந்தார். "டியூஸ் ஆகாம முடியற செட்டுல அதிகபட்சம் எத்தனை ராலி?" டியூஸ் என்றால் 24-24 சமம். அதற்கு முன் முடிந்தால் 25-23, ஆக 48. பழைய முறையில் எத்தனை என்று ஒருத்தன் கேட்டான். "உங்கப்பன்கிட்ட கேளு, விடிய விடிய உக்காந்து பார்த்தவர்."

வீண் என்கிறீர்கள். நான் ஒப்பமாட்டேன். வலைக்கு மேலே கை தூக்கித் தடுக்கும் பிளாக்கில் பந்து உரசியதா என்பது கண்ணிமைக்கும் நேரச் சங்கதி. பந்தின் பின்னாலேயே கண் போனால் விரல் தப்பிவிடும். தூக்கிக் கொடுக்கிறவன் மணிக்கட்டு திரும்பும்போதே பந்து எங்கே போகும் என்று மாஷுக்குத் தெரியும். பந்து வருமுன் அவர் கண் வலைக்கு மேலே காத்திருக்கும். சித்தூர் கல்லூரியில் ஆடிச் சம்பாதித்த கண் அது.

வேலந்தாவளத்தில் ஒரு ஃபைனல். கடைசி செட், எதிரணி அடித்த பந்து வெளியே விழுந்தது. எங்கள் ஆட்கள் குதிக்கிறார்கள். மாஷ் ஒரு கையை நிமிர்த்தி, மறு உள்ளங்கையால் விரல் நுனிகளைத் தடவிக் காட்டினார்: டச். எங்கள் கை பட்டு வெளியே போனதால் புள்ளி எதிரணிக்கு. பிளாக் போட்டது என் அண்ணன். படவே இல்லை என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்தான். தோற்றோம். டீக்கடையில் ஒரு வருஷம் மாஷோடு யாரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. அவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அண்ணனின் டியூஷனையும் நிறுத்தவில்லை.

போன மாதம் மாஷ் வீட்டுச் சாவுக்குப் போய்வந்து, கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்த அண்ணன் வாளியைக் கீழே வைத்தான். "நடுவிரல் நகத்துல பட்டுச்சுடா" என்றான்.