சிரிப்பான் என்று கேட்பதில்லையாம்!

கேள்வி: ராயக்கோட்டை பக்கம் கிராமம். வயது 38. ஓசூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் சமையல் வேலை செய்கிறேன். அந்த வீட்டம்மா இங்கிலீஷில் ஏதாவது சொன்னால் புரியாமலே தலையாட்டிவிடுவேன். போன வாரம் எவர்சில்வர் கிண்ணத்தை ஓவனில் வைத்து, பொறி பறந்துவிட்டது. தெலுங்கு, கன்னடம் பேசுவேன். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். மகன் இங்கிலீஷ் மீடியத்தில் எட்டாவது. கேட்டால் சிரிப்பான் என்று அவனைக் கேட்பதில்லை. சமையல்கட்டுச் சாமான்களின் இங்கிலீஷ் பெயர்களை எப்படிக் கற்பது?

பதில்: கிண்ணம் கிடக்கட்டும். 'கேட்டால் சிரிப்பான்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கே இருக்கிறது. அவன் எப்போதாவது சிரித்தானா, இல்லை நீங்களே முடிவு கட்டிக்கொண்டீர்களா? யார் சம்பளத்தில் அவனுக்கு ஃபீஸ் கட்டுகிறீர்கள்? படிக்கவைத்த அம்மாவுக்குத் தினம் பத்து நிமிடம் சொல்லித்தருவது பிள்ளையின் கடமை. அதைக் கேட்டு வாங்காமல் அவனை வளர்ப்பது உங்கள் தப்பு. இன்று ராத்திரியே உட்காரவையுங்கள்.

பெயர்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், குக்கர் எல்லாம் வாயில் புழங்குகிறவைதான். இடறுவது, நாம் வேறொன்றுக்கு வைத்திருக்கும் சொற்களில். கிரில் என்றால் நமக்கு ஜன்னல் கம்பி. ஓவனில் அது மேலே இருக்கும் கம்பிச்சுருள் சூடாகிப் பண்டத்தை வாட்டுவது. சிம்னி நமக்கு விளக்குக் கண்ணாடி. அங்கே அடுப்புக்கு மேல் புகையை உறிஞ்சும் பெட்டி. ஹாப் என்பது மேடையில் பதித்த கேஸ் அடுப்பு, அவ்வளவுதான்.

பொறி ஏன் பறந்தது? மைக்ரோ பட்டனை அழுத்தினால் வரும் அலை உலோகத்துக்குள் நுழையாது. மெல்லிய விளிம்பில் மின்சாரம் சேர்ந்து தெறிக்கும். தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டுக்கும் இதே கதிதான். கிரில், கன்வெக்‌ஷன் இரண்டும் வெறும் சூடு. அங்கே எவர்சில்வர் தாங்கும், பிளாஸ்டிக் உருகும். அடியில் 'மைக்ரோவேவ் சேஃப்' என்று போட்டிருந்தாலும் உருகும். மைக்ரோ அலையும் சூடும் கலந்த 'காம்பி' பட்டனில் உலோகம் மறுபடி கூடாது. ஆகவே பாத்திரத்தை எடுக்கும் முன் பட்டனில் உள்ள சொல்லை வாசிக்க வேண்டும்.

இன்னொரு வம்பு: டிஷ்வாஷ் லிக்விட் கையால் தேய்ப்பதற்கு. அதை டிஷ்வாஷரில் ஊற்றினால் நுரை பொங்கித் தரையெல்லாம் ஓடும். மெஷினுக்கு டிஷ்வாஷர் டிடர்ஜென்ட் என்று தனியாக உண்டு. அதில் போடும் உப்பும் தனி. சாம்பார் உப்பைக் கொட்டிவிடாதீர்கள்.

வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டு, பட்டன்களைப் போனில் படம் எடுங்கள். வாரத்துக்கு ஒரு சாமான் போதும், முதல் வாரம் ஓவன். மகன் ஒரு நோட்டில் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் எழுதட்டும். கீழே அதன் ஒலி தமிழில். பக்கத்தில், அழுத்தினால் என்ன நடக்கும் என்பது. 'டிஃப்ராஸ்ட்' என்றால், ஓவனில் உறைந்த கறியை இளக்குவது. பழைய ஃபிரிட்ஜில் அதே சொல் ஐஸ் கரைக்கும் பட்டன். மறுநாள் வேலையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழுத்துங்கள். ஐம்பது சொல்லைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் ஒன்றும் நிற்காது.

தலையாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். 'வன்ஸ் மோர்', 'ஷோ மீ' இரண்டும் போதும். அந்தம்மா வந்து காட்டுவார். தெலுங்கும் கன்னடமும் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள்? தப்பும் தவறுமாகப் பேசித்தானே வந்தது?

பையன் சிரித்தால், நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு எத்தனை டம்ளர் உளுந்து என்று இங்கிலீஷிலேயே சொல்லச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அன்றைக்கு மாவு ஆட்டுவது அவன் வேலை, கிரைண்டர் கழுவுவதும் சேர்த்து.