எத்தனை கிரெயின் மருந்து? குழலையே கேளுங்கள்

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கும் மகன், மான் வேட்டைக்கு உரிமம் எடுத்து 50 காலிபர் (குழல் வாய் அரை அங்குலம்) ஃப்ளின்ட்லாக் ரைஃபிள், அதாவது வாய்வழியே மருந்து கெட்டித்து, கல்லின் பொறியால் வெடிக்கும் துப்பாக்கி வாங்கியிருக்கிறான். எவ்வளவு வெடிமருந்து கெட்டிக்க வேண்டும்? (குன்னூர் வாசகர்)

ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போவது எனக்கும் சுலபம்தான். ஆனால் ஒரே கம்பெனியின் இரண்டு குழல்கள்கூட ஒரே அளவுக்கு ஒத்துவராது. முதலில் குழலின் முறுக்கை, அதாவது உள்ளே வெட்டியிருக்கும் சுருள் வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் உருண்டைக் குண்டு. 28 என்றால் நீளக் குண்டு. 48 இரண்டுக்கும் நடுவே.

உருண்டை என்றால் 0.490 அங்குலக் குண்டு, அதைச் சுற்ற 0.015 அங்குலக் கனத்தில் எண்ணெய் தடவிய பருத்தித் துணி. ஃப்ளின்ட்லாக்குக்கு அசல் கரிமருந்துதான் (கரி, கந்தகம், வெடியுப்பு கலந்தது). மாற்று மருந்துகள் கல்லின் பொறியில் சட்டென்று பற்றாது. 50 கிரெயினில் (ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெயின்) தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டட்டும். துப்பாக்கியின் கையேட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டவே கூடாது. ஒவ்வொரு அளவுக்கும் 50 கெஜத்தில் மூன்று நான்கு குண்டு சுட்டு, எதில் நெருக்கமாக விழுகிறதோ அதுதான் அவனுடைய அளவு. சத்தம் பெரிதாக வந்தால் மான் விழுந்துவிடாது.

ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணியால் குழலைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதிப்பது மருந்தையா, படிந்த கரியையா என்றே தெரியாது. துணி, மருந்து, குண்டு மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம், சுட்டபின் முன்னால் விழுந்து கிடக்கும் துணியைப் பொறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரத்தில் கொஞ்சம் பிசிறு இருந்தால் பரவாயில்லை. கருகிப் பொத்தலாகியிருந்தால் துணி மெல்லிசு, இல்லை எண்ணெய் போதவில்லை. கத்தியால் கீறியதுபோல் இருந்தால் குழலின் வரிகள் கூர்மை. நான் குண்டு விழுந்த அட்டையைவிட இந்தத் துணியைத்தான் அதிகம் நம்புவேன்.

கேள்வி: கரிமருந்துக்குப் பதிலாகப் புகையில்லா மருந்தைக் குறைவாகப் போடலாமா? (அருவங்காடு வாசகர்)

கார்டைட் ஃபேக்டரி ஊரிலிருந்து இந்தக் கேள்வியா! கார்டைட்டே புகையில்லா மருந்துதானே. அதன் அழுத்தத்தை நாட்டுத் துப்பாக்கிக் குழல் தாங்காது. முகத்துக்கு நேராகப் பிளக்கும். ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

கேள்வி: கேரட் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. நானே சுடலாமா? (கேத்தி வாசகர்)

கூடாது. அனுமதியில்லாமல் சுட 1972 வன உயிரினச் சட்டம் இடம் தராது. வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

கேள்வி: பரணில் தாத்தாவின் துப்பாக்கி கிடைத்தது. துடைத்து வைக்கலாமா? (கோத்தகிரி வாசகர்)

உரிமம் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். அவர்கள் வந்து எடுக்கட்டும். உரிமம் இருந்தாலும், விவரம் தெரிந்தவர் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே மருந்து இருக்கிறதா என்று. கம்பியைக் குழலுக்குள் இறக்கி, வாயருகே கம்பியில் அடையாளம் போட்டு, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார். கம்பி நுனி பொறித்துளைக்கு (பொறி உள்ளே போகும் சின்னத் துளை) நான்கு விரற்கடை முன்பே நின்றுவிட்டால், தாத்தா கெட்டித்தது இன்னும் உள்ளேயே இருக்கிறது.